“முந்தி மாதிரித்தான் சாப்பிடுறன், பிறகேன் உடம்பு வைக்குது?”

இரணைமடுத் தண்ணீர் பாயும் ஓர் ஊரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். சுருக்கி, ஆனால் அவருடைய பேச்சிலேயே தருகிறேன்:

“எனக்கு வயசு 43, உயரம் 154 சென்ரிமீற்றர். 2010 இல முகாமில இருந்து திரும்பி வரேக்க 49 கிலோ. இப்ப 71. சாப்பாடு முந்தி மாதிரித்தான். காலமை பிட்டோ இடியப்பமோ, மத்தியானம் சோறு, இரவு பாண் இல்லாட்டி ரொட்டி. அப்ப வயல், விறகு, சைக்கிள். இப்ப சங்கக்கடையில வேலை, ஸ்கூட்டியில போய் வாறன். போன மாசம் வெறும் வயித்தில சீனி 112 எண்டு சொல்லிச்சினம். வேலை குறைஞ்சதுதான் காரணமோ? சோத்தை விட்டிட்டு ரொட்டிக்கு மாறவோ? கொள்ளு அவிச்ச தண்ணி குடிச்சாக் கரையுமோ? மூத்தவன் 2009 ஆவணியில முகாமில பிறந்தவன். அவனும் இப்ப குண்டாகிறான்.”

கொள்ளிலிருந்து தொடங்குகிறேன், அது சுலபம். கொள்ளு நல்ல தானியம், அவித்துத் தாளித்துச் சாப்பிடுங்கள். அதன் தண்ணீர் கொழுப்பைக் கரைக்காது. சட்டியில் ஒட்டிய எண்ணெயைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவுகிற மாதிரி உடம்புக் கொழுப்பைக் கழுவ முடியாது. தேனும் தேசிக்காயும், இஞ்சித் தண்ணீர், கருஞ்சீரகம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

சரி, இனி பெரிய கேள்வி. “முந்தி மாதிரித்தான் சாப்பிடுறன்” என்பது கிளினிக்கில் நான் ஒவ்வொரு கிழமையும் கேட்கிற வசனம். சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. ‘சாப்பாடு’ என்றால் நமக்குக் கோப்பையில் போட்டு, இருந்து சாப்பிடுவது. அந்த மூன்று வேளையும் உண்மையிலேயே பெரிதாக மாறவில்லை. இடையில் வந்து சேர்ந்தவற்றை நாங்கள் சாப்பாடு என்று எண்ணுவதே இல்லை.

உங்கள் 22 கிலோவை வைத்து ஒரு கணக்குப் பார்ப்போம். உடம்பு கூடக்கூட அதைக் கொண்டு திரியவும் கூடுதல் சக்தி வேண்டும். கூடிய ஒவ்வொரு கிலோவையும் அப்படியே வைத்திருக்க நாளொன்றுக்கு ஏறக்குறைய 24 கலோரி செலவாகிறது என்பது ஆய்வாளர்கள் கணித்த பொது விதி. 22 கிலோவுக்கு 500 கலோரிக்குச் சற்று மேலே வரும். அன்று உங்கள் உடம்பு செலவழித்ததற்கும் உள்ளே போனதற்கும் இருந்த சமநிலை, இன்று நாளுக்கு 500 கலோரி அளவில் சாய்ந்திருக்கிறது. ஒரே நாளில் சாய்ந்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். 15 வருடமாக இம்மி இம்மியாகச் சாய்ந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

அந்த 500 எங்கே என்று தேட என் மேசையில் ஒரு சின்னச் சமையல் தராசு வைத்திருக்கிறேன், பக்கத்தில் ஒரு பேணி சீனி. வருகிறவரிடம் கரண்டியைக் கொடுத்து, வீட்டில் தேத்தண்ணிக்குப் போடுகிற மாதிரிப் போடச் சொல்வேன். ஒட்டுசுட்டான் பக்கத்து அம்மா ஒருவர், “ரெண்டு கரண்டிதான் டொக்டர்” என்றபடி போட்டார். தராசு 13 கிராம் காட்டியது. தட்டையாக வழித்த தேக்கரண்டியில் 4 கிராம்தான் பிடிக்கும். நம் வீடுகளில் கரண்டி எப்போதும் கோபுரமாகத்தான் இருக்கும்.

நீங்கள் ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி குடிக்கிறீர்கள் என்று வைப்போம். கடையில் இரண்டு, வீட்டில் மூன்று. கோப்பைக்கு 12 கிராம் சீனி என்றால் 60 கிராம், அதாவது 240 கலோரி. அதில் இரண்டு பால்மாத் தேத்தண்ணியானால் மாவுக்கு இன்னொரு 100. நாலு மணிக்கு நாலு கிறீம் பிஸ்கட், 200. கூட்டிப் பாருங்கள், 540. இதில் ஒரு பருக்கை சோறும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்குச் சொல்லும் சீனியின் மேலெல்லை 50 கிராம், முடிந்தால் 25. தேத்தண்ணியிலேயே அது தாண்டிவிடுகிறது.

இதே வன்னியில், 90களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், தேத்தண்ணி எப்படிக் குடித்தோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, இல்லாவிட்டால் ஒரு துண்டு பனங்கட்டி. ஒரு நக்கு, ஒரு மிடறு. பனங்கட்டியும் சீனிதான், கலோரியில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் கையில் இருந்த இனிப்பு கண்ணுக்குத் தெரிந்தது, முடிந்ததும் முடிந்துவிட்டது. கோப்பையில் கரைந்தது தெரிவதில்லை. குடித்த கலோரியைக் குறித்து வயிறும் சரியாகக் கணக்கு வைப்பதில்லை. 240 கலோரிக்குச் சோறு தின்றால் அடுத்த வேளை கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுவீர்கள். தேத்தண்ணியாகக் குடித்தால் குறைக்க மாட்டீர்கள்.

பிஸ்கட், பணிஸ், பைக்கற் நூடில்ஸ் வகையறாக்களிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகத்தில் கெவின் ஹோல் என்பவரின் குழு 2019 இல் ஒரு சோதனையை வெளியிட்டது. 20 பேரை நான்கு கிழமை உள்ளேயே தங்கவைத்து, இரண்டு கிழமை ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு கிழமை சாதாரணச் சமையலும் கொடுத்தார்கள். மேசையில் வைத்த உணவின் கலோரி, சீனி, கொழுப்பு, நார் எல்லாம் இரண்டு பக்கமும் சமம், விரும்பிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு கிடைத்த நாட்களில் அதே ஆட்கள் நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடச் சாப்பிட்டார்கள், இரண்டு கிழமையில் 0.9 கிலோ ஏறினார்கள். சாதாரணச் சமையலில் அதேயளவு இறங்கினார்கள். ஆள் அதே ஆள்தான் என்பதைக் கவனியுங்கள். மென்மையான உணவு வேகமாக இறங்குகிறது, போதும் என்ற செய்தி மூளைக்குப் போகுமுன் பைக்கற் காலி.

முன்பு நாலு மணிக்கு ஒரு ரொட்டி தின்ன ஆசை வந்தால் யாராவது தேங்காய் துருவி, மா குழைத்து, அடுப்பு மூட்ட வேண்டும். பாதி நாள் ‘சரி, இரவுக்குப் பார்ப்போம்’ என்று விட்டுவிடுவோம். இப்போது பாண்காரரின் ஓட்டோ பாட்டுப் போட்டபடி படலைக்கே வருகிறது. பசிக்கிறதா இல்லையா என்று யோசிக்குமுன்னே பிள்ளை காசுடன் ஓடிவிடும். பாண்காரரைக் குறை சொல்லவில்லை, அது அவருடைய பிழைப்பு. உங்கள் மன உறுதியும் முன்பு இருந்ததைவிடக் குறைந்துவிடவில்லை. அந்த உறுதிக்கு வேலையே இல்லாமல் வைத்திருந்த அடுப்பும் விறகும் போய்விட்டன.

அப்படியென்றால் வேலை குறைந்தது காரணமில்லையா? ஒரு பங்கு காரணம். கையால் களை பிடுங்கிய இடத்தில் களைநாசினி வந்துவிட்டது, அரிவாளுக்குப் பதில் வெட்டு மெசின். 12 கிலோமீற்றர் சைக்கிள் ஓடினால் 250, 300 கலோரி போகும், ஸ்கூட்டியில் அது மிச்சம். ஆனால் நாங்கள் நினைக்கிற அளவுக்கு இந்தக் கணக்கு நேர்கோடு இல்லை. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களை ஹெர்மன் பொன்ட்சர் என்ற ஆய்வாளர் குழுவுடன் அளந்து 2012 இல் வெளியிட்டார். பெண்கள் நாளுக்கு 6 கிலோமீற்றர் போலவும் ஆண்கள் 11 போலவும் நடக்கிறார்கள். உடல் அளவை ஈடுசெய்து பார்த்தால் அவர்களின் மொத்தச் செலவு மேற்கு நாட்டவருடையதை ஒத்திருந்தது. வேலை கூடும்போது உடம்பு வேறு செலவுகளைச் சுருக்கிக்கொள்கிறது என்பது அவர் தரும் விளக்கம். எனவே நடையை மட்டும் நம்பி 22 கிலோவை இறக்கப் புறப்பட்டால் மூன்றாம் மாதம் மனம் விட்டுப்போகும். நடைக்கு வேறு பயன் இருக்கிறது, வருகிறேன்.

சோற்றை விட்டு ரொட்டிக்கு மாற வேண்டாம். கோதுமை மாவும் அரிசியும் 100 கிராமுக்கு ஏறக்குறைய ஒரே 350 கலோரிதான், ரொட்டியில் தேங்காய்ப்பூவும் சேர்கிறது. ஒரு இறாத்தல் பாணில் காற்பங்கே 280 வரும், அதன் மேல் சம்பல். ஆட்டக்காரி, மொட்டைக்கறுப்பன் மாதிரித் தவிடு போகாத அரிசி கிடைத்தால் நல்லது. நார் இருப்பதால் மெதுவாகச் செரிக்கும். ஆனால் சிவப்பரிசி என்று இரண்டு மடங்கு போடக்கூடாது. கோப்பையில் முதலில் கீரை, மரக்கறி, குளத்து மீன் அல்லது பருப்பு வையுங்கள். மீதி இடத்துக்குச் சோறு.

எழுதத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2009 இல் ஒரு சிரட்டைக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற தாய்க்கு, பிள்ளை மிச்சம் வைத்த பிட்டைக் கொட்ட மனம் வராது. அள்ளி வாயில் போட்டுவிடுவார். எத்தனையோ அம்மாமார் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள், சிலர் அழுதும் இருக்கிறார்கள். மிச்சத்தைக் கொட்டுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. பிள்ளைக்கு முதலில் பாதி போடுங்கள், கேட்டால் மீதி. இருக்கிற மிச்சம் கோழிக்குப் போகட்டும்.

மகனைப் பற்றி. நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில் நாசிகளின் தடையால் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது வயிற்றில் இருந்த ஆண்பிள்ளைகளை 19 வயதில் இராணுவப் பரிசோதனைப் பதிவுகளில் தேடிப் பார்த்தார்கள். கர்ப்பத்தின் முற்பாதியில் தாய் பட்டினி கிடந்தவர்களிடையே பருமன் கூடுதல் என்று 1976 இல் வெளியிட்டார்கள். ஆவணியில் பிறந்த உங்கள் பிள்ளை அந்த மாசி, பங்குனி, சித்திரையில் உங்கள் வயிற்றில் இருந்தவர். இதை விதி என்று எடுக்க வேண்டாம். அவரைச் ‘சாப்பாட்டு ராமன்’ என்று கேலி செய்யாமல் இருக்க ஒரு காரணமாக எடுங்கள், இரத்தத்தில் சீனியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சோடாப் போத்திலின் நிறக் குறியையும் அவருக்குக் காட்டுங்கள். 2016 முதல் இலங்கையில் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 400 மில்லி சிவப்புப் போத்தில் என்றால் 44 கிராமுக்கும் மேல்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. 49 கிலோவை மறந்துவிடுங்கள். அது முகாம் எடை, உங்கள் எடை அல்ல. உங்கள் உடல் நிறைச் சுட்டி, அதாவது உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் எண், இப்போது 30ஐ ஒட்டி இருக்கிறது. நம் போன்ற ஆசியர்களுக்கு 27.5 தாண்டினாலே ஆபத்துக் கூடுதல் என்று கொள்வார்கள். முதல் இலக்கு 66 கிலோ, ஒரு வருடத்தில். சீனி 112 என்பது நீரிழிவு அல்ல, அதன் வாசற்படி. அமெரிக்காவில் இப்படி வாசற்படியில் நின்றவர்கள் 7 சதவீத எடை குறைப்பையும் கிழமைக்கு 150 நிமிட நடையையும் இலக்காக வைத்ததில், நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்ததாக 2002 இல் வெளியானது. சென்னையில் நடந்த ஆய்வு 2006 இல் வந்தது. அங்கே எடை பெரிதாகக் குறையாமலே அந்த வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. நடையின் பயன் அதுதான்: தராசு அசையாவிட்டாலும் சீனி கேட்கும். மாலையில் யானைப் பயம், நாய்ப் பயம், சனத்தின் வாய்ப் பயம் எல்லாம் இருக்கிற ஊர் என்பது தெரியும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்தில் 15 நிமிடம் சுற்றினாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனி இறங்கும். காலையில் குளக்கட்டில் துணையோடு நடக்க முடிந்தால் இன்னும் நல்லது.

தேத்தண்ணிச் சீனியை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், பத்து நாளில் பழையபடி ஆகிவிடும். முதலில் கரண்டியை வழித்துப் போடுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரைக் கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிவிடும். நாலு மணிக்குக் கடலைச் சுண்டல், இல்லாவிட்டால் கோதோடு வறுத்த கச்சான் ஒரு கைப்பிடி. முறிகண்டியில் வாங்குகிற அதே கச்சான்தான். கச்சானில் எண்ணெய் அதிகம், ஆனால் ஒவ்வொன்றாக உடைக்க வேண்டியிருப்பதால் வேகமாகத் தின்ன முடியாது. உடைத்து வறுத்த பைக்கற் வேண்டாம்.

எண்ணெய்ப் போத்திலை உடைக்கிற அன்று அதன் மேல் திகதியை எழுதுங்கள். நாலு பேர் வீட்டில் 750 மில்லிலீற்றர் போத்தில் 5 நாளில் முடிந்தால் ஆளுக்கு நாளுக்கு 300 கலோரிக்கு மேல் எண்ணெய் போகிறது. 10 நாள் ஓடப் பாருங்கள். அப்புறம், இரவு பதினொரு மணி வரை நாடகம் பார்த்து நாலரைக்கு எழும்பும் வழக்கம் இருந்தால் அதையும் மாற்றுங்கள். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், அதுவும் இனிப்பாகத் தேடும்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது நீங்கள் பாவிக்கும் எல்லாக் குளிசைகளையும் உறையோடு கொண்டு போங்கள். மூன்று மாதக் கருத்தடை ஊசி போடுகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், சிலருக்கு அது எடை கூட்டும். முழங்கால் நோவுக்கு யாரோ கொடுத்த பெயரில்லாத குளிசை இருந்தால் அதை முதலில் காட்டுங்கள், அதில் ஸ்டீரொயிட் இருக்கலாம். ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். தைரொயிட் பரிசோதனையும் ஒருமுறை கேளுங்கள்.