புல்தரையில வட்ட வட்டமா கருகுதா? நாய்க்கு மருந்து வேணாம், புல்லுக்குத் தண்ணி ஊத்துங்க

கேள்வி: ஆசை ஆசையா லான் போட்டோம். எங்க பெண் லேப்ரடார் வந்ததுல இருந்து அங்கங்க தட்டு சைஸுக்கு மஞ்சளாகி அப்படியே கருகிப்போகுது. ஆனா அந்த வட்டத்தைச் சுத்தி மட்டும் புல்லு கரும்பச்சையா மதமதன்னு வளருது, அதான் புரியல. யூரின்ல ஆசிட் ஜாஸ்தி, சாப்பாட்டுல தக்காளி ஜூஸ் கலந்து குடுங்கன்னு சொல்றாங்க. குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்க. முதல்ல அந்தக் கரும்பச்சை வளையத்தைப் பாருங்க, உங்க கேள்விக்கான பதில் அதுலயே இருக்கு. ஆசிட்தான் காரணம்னா சுத்தி இருக்கிற புல்லு ஏன் செழிக்கணும்? நாய் சாப்பிடுற புரோட்டீன் உடம்புல செரிச்சு முடிஞ்சதும் மிச்சமாகிற நைட்ரஜன் யூரியாவா மாறி மூத்திரத்துல வெளிய வருது, கூடவே உப்பும் வருது. வயலுக்குப் போடுற யூரியா உரத்துல இருக்கிறதும் இதே பொருள்தான். ஒரு கைப்பிடி யூரியாவை ஒரே இடத்துல கொட்டினா புல்லு கருகும், அதையே பரவலா தூவினா செழிக்கும் இல்லையா, இங்க நடக்கிறதும் அதுதான். நடுவுல டோஸ் ஓவராகி வேர்ல இருக்கிற தண்ணியை உப்பு உறிஞ்சிடுது, ஓரத்துக்குப் போகப் போக நீர்த்துப் போய் அதுவே உரமாயிடுது. ஆரோக்கியமான நாயோட மூத்திர பிஹெச் (ஆசிட் எவ்ளோன்னு காட்டுற அளவு, 7-க்குக் கீழ போகப் போக ஆசிட் கூடும்) பெரும்பாலும் 6-ல இருந்து 7.5-க்குள்ளதான் இருக்கும், அது புல்லைக் கொல்ற அளவு ஆசிட் கிடையாது.

தக்காளி ஜூஸ் சில வீட்டுல வேலை செஞ்ச மாதிரி தெரியும், காரணம் அந்த ஜூஸ்ல இருக்கிற உப்பு. உப்பு உள்ள போனா தாகம் எடுக்கும், நாய் கூடுதலா தண்ணி குடிக்கும், யூரின் நீர்த்துப் போகும், அவ்ளோதான். கிட்னியோ ஹார்ட்டோ பலவீனமா இருக்கிற நாய்க்கு அந்தக் கூடுதல் உப்பு ஆபத்து. நல்ல தண்ணியே நிறைய குடிக்க வெச்சா அதே பலன் கிடைக்குமே, கிண்ணத்தை ரெண்டு மூணு இடத்துல வைங்க, அடிக்கடி கழுவி மாத்துங்க, உலர்ந்த உணவுல கொஞ்சம் வெந்நீர் ஊத்தி ஊறவெச்சுக் குடுங்க.

கடைல 'லான் கருகாது'ன்னு போட்டு விக்கிற மாத்திரைங்களையும் டாக்டரைக் கேக்காம குடுக்காதீங்க. நிறைய மாத்திரைல மெத்தியோனின் மாதிரி யூரினை ஆசிட் ஆக்குற பொருள் இருக்கும். யூரினோட பிஹெச்சை நாமளா மாத்தப் போனா சில நாய்ங்களுக்கு மூத்திரப்பைல கல்லு உருவாகிடும், ஆசிட் பக்கம் போனா கால்சியம் ஆக்ஸலேட் கல்லு வர வாய்ப்பு கூடும். பிரச்சனை புல்லுல இருக்கும்போது நாயோட உடம்புல ஏன் கை வைக்கணும்? புரோட்டீனைக் குறைக்கிறதும் அப்படித்தான், அதுவும் வளர்ற குட்டிக்கு அதைச் செய்யவே கூடாது. இன்னும் மோசம், தண்ணியைக் குறைச்சா மூத்திரம் குறையும்னு நினைக்கிறது. மூத்திரம் இன்னும் கெட்டியாகி புல்லும் கருகும், நாயும் கஷ்டப்படும்.

அப்போ என்னதான் செய்யறது? அவ போய் முடிச்ச உடனே அதே இடத்துல தண்ணி ஊத்துங்க. மேலாப்புல தெளிச்சா பத்தாது, அவ போன அளவுக்குக் குறைஞ்சது மூணு மடங்கு, முடிஞ்சா அதுக்கும் மேல, வேர் வரைக்கும் இறங்குற மாதிரி ஊத்தணும். கதவுகிட்டயே ஒரு பூவாளியை நிரப்பி வெச்சிருங்க, ராத்திரி முழுக்க அடக்கி வெச்சு காலைல முதல்ல போறதுதான் ரொம்ப கெட்டியா இருக்கும், வேற நேரம் விட்டுப்போனாலும் அந்த ஒண்ணை மட்டும் விடாதீங்க. சில மணி நேரத்துக்குள்ள ஊத்திட்டா கருகலே தெரியாது, மறுநாள் ஊத்தினா பெருசா பலன் இருக்காது.

நிரந்தரமா தீரணும்னா ஒரு மூலையை அவளுக்குன்னே ஒதுக்கிடுங்க. புல்லை எடுத்துட்டு சின்ன கூழாங்கல்லோ மரத்தூளோ போடுங்க (சாக்லேட் செய்யுற கோகோ கொட்டையோட தொலி மட்டும் வேணாம், அதுல இருக்கிற தியோபுரோமின் நாய்க்கு விஷம்). தினமும் லீஷ் போட்டு நேரா அங்கயே கூட்டிட்டுப் போய், ஒரே வார்த்தையைச் சொல்லி, அவ போய் முடிச்ச அந்த நொடியே ஒரு ட்ரீட் குடுத்துக் கொஞ்சுங்க. வீட்டுக்குள்ள வந்தப்புறம் குடுத்தா எதுக்குக் குடுத்தீங்கன்னு அவளுக்குப் புரியாது. சில வாரம் பொறுமை வேணும், ஆனா பழகிட்டா அதுக்கப்புறம் நீங்க சொல்லவே வேணாம்.

கேள்வி: ஆம்பளை நாய் மூத்திரம் பரவால்ல, பொம்பளை நாய் மூத்திரம்தான் விஷம்ங்கறாங்களே, உண்மையா?

பதில்: ரெண்டும் ஒண்ணுதாங்க. பெண் நாய் உக்காந்து மொத்தத்தையும் ஒரே இடத்துல விட்டுடும், வளர்ந்த ஆண் நாய் காலைத் தூக்கி மரம், தூண்னு பத்து இடத்துல கொஞ்சம் கொஞ்சமா அடிச்சுட்டுப் போகும். ஆண் குட்டியும் உக்காந்துதான் போகும், அப்போ அதுவும் இதே மாதிரி கருக்கும். பெரிய நாய்னா அளவும் ஜாஸ்தி, வட்டமும் பெருசு.

கேள்வி: ஏற்கனவே கருகின இடம் திரும்ப வருமா? ஜிப்சம், சமையல் சோடா எல்லாம் போடச் சொல்றாங்க.

பதில்: சோடா வேண்டவே வேணாம், அதுல இருக்கிறது சோடியம், உப்பால கருகின இடத்துல இன்னும் உப்பைக் கொட்டின கதையாயிடும். ஜிப்சம் சோடியம் ஏறிக் கெட்டுப்போன மண்ணுக்கு உதவும், யூரியாவை அது ஒண்ணும் செய்யாது.

முதல்ல இது நாயோட வேலைதானான்னு பாருங்க. கருகின புல்லைப் பிடிச்சு இழுங்க. வேர் கெட்டியா பிடிச்சிட்டு இருந்து, சுத்தி பச்சை வளையமும் இருந்தா பெரும்பாலும் மூத்திரம்தான். பாய் மாதிரி கையோட வந்துட்டா அடியில வேரைத் தின்ற வெள்ளைப் புழு இருக்கலாம், அதுக்கு வைத்தியமே வேற.

வெறும் மஞ்சளா இருந்தா நல்லா தண்ணி விட்டுட்டு விட்டுடுங்க, தானா தேறும். வைக்கோல் நிறத்துக்குப் போயிட்டா காய்ஞ்சதைச் சுரண்டி எடுத்துட்டு, ரெண்டு மூணு நாள் தண்ணி விட்டு உப்பைக் கீழ இறக்கிட்டு, கொஞ்சம் மண்ணும் கம்போஸ்ட்டும் பரப்பி விதையோ புல் துண்டோ வைங்க. அருகம்புல் வகையா இருந்தா ஓடுகொடி விட்டு ஓரத்துல இருந்து தானே மூடிக்கும், மூத்திரத்துக்குச் சீக்கிரம் வாடினாலும் அந்த ஒரு நல்ல குணம் அதுக்கு உண்டு. டால் ஃபெஸ்க்யூ, ரைகிராஸ்னு ரெண்டு புல் வகை மூத்திரத்தைக் கொஞ்சம் கூடுதலா தாங்கும், எதுவும் முழுசா தாங்காது. ஏற்கனவே உரம் அள்ளிப்போட்ட லானும், தண்ணியில்லாம வாடி நிக்கிற லானும்தான் சீக்கிரம் கருகும், அதனால உரத்தைக் குறைங்க, புல்லை ஒட்ட வெட்டாதீங்க.

இன்னொண்ணு. திடீர்னு அடிக்கடி போறா, முக்கி முக்கி சொட்டு சொட்டா போறா, ரத்தம் தெரியுது, இல்ல வழக்கத்தைவிட ரொம்ப தண்ணி குடிக்கிறான்னா லானை அப்புறம் பாத்துக்கலாம், அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.