புதிதாகப் பூட்டிய கணினியில் படம் வரவில்லையா?

ஐ5-12400எஃப் புரொசசர், தனி கிராபிக்ஸ் கார்ட். ஃபான் எல்லாம் சுற்றுகிறது, மொனிற்றரில் ‘நோ சிக்னல்’. மதர்போர்ட் பழுதா? (கொக்குவில்)

மொனிற்றர் வயரை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் அந்தப் புரொசசருக்குள் கிராபிக்ஸ் இல்லை. மதர்போர்டில் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் அதில் படம் வராது. வயரைக் கார்டில் செருகுங்கள். ரைசன் 5 5600க்கும் இதே கதைதான். 5600ஜி என்றால் உள்ளே கிராபிக்ஸ் உண்டு. கார்டுக்குத் தனிப் பவர் வயர் தேவையென்றால் அதுவும் இறுகியிருக்க வேண்டும்.

ரைசன் 5 7600, டிடிஆர்5 றாம் இரண்டு. ஒரு நிமிடம் பார்க்கிறேன், கறுப்பாகவே இருக்கிறது. நிறுத்தித் திரும்பப் போட்டாலும் அப்படியே. (சாவகச்சேரி)

நிறுத்தாதீர்கள்! உங்கள் புரொசசர் பொருந்துகிற ஏஎம்5 வகை மதர்போர்டுகள் முதல்முறை றாமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். இடையில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

அதற்குள் மதர்போர்டின் ஓரத்தைக் கவனியுங்கள். பல மதர்போர்டுகளில் சிபியு (புரொசசர்), டிராம் (றாம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கிற டிஸ்க்) என்று நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ, சிக்கல் அந்தப் பக்கம். இதைப் பார்க்காமல் ஒவ்வொன்றாக மாற்றி வாங்குவது வீண் செலவு. பழுதென்று சொல்லிப் பொருளைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினால் நாட்களும் போகும். எனக்கு வருகிற கேள்விகளில் உண்மையாகவே செத்த பொருள் மிகக் குறைவு.

டிராம் விளக்கு நின்றால் ஒரு றாமை மட்டும் வைத்துப் பாருங்கள். நான்கு ஸ்லொட் என்றால், பெரும்பாலும் புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவது. ‘டக்’ என்று பூட்டுப் படும்வரை அழுத்த வேண்டும்; பயந்து மெல்ல வைப்பதால்தான் பாதிச் சிக்கல்.

பட்டனை அழுத்தினால் ஒரு விநாடி சுற்றி நின்றுவிடுகிறது. (நெல்லியடி)

எங்கோ ஷோர்ட் ஆகிறது போல. மின்சாரத்தைத் துண்டித்து, மதர்போர்டைக் கேசிங்கிலிருந்து கழற்றி, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். புரொசசர், அதன் ஃபான், ஒரு றாம், பவர் சப்ளை போதும். இப்போது நிற்காமல் ஓடினால், கேசிங்கில் மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்களில் ஒன்று துளையில்லாத இடத்தில் முட்டியிருக்கலாம், அல்லது திருகாணி ஒன்று அடியில் கிடக்கலாம். புரொசசருக்கான 8 பின் வயரையும் பாருங்கள். கார்டுக்கான 8 பின் அதேபோல் தெரியும், ஆனால் அது வேறு. பலவந்தமாகச் செருக வேண்டாம்.

கொழும்பில் பூட்டி, ஓட்டிப் பார்த்துத்தான் பஸ்ஸில் கொண்டுவந்தோம். இங்கே படம் இல்லை. (காரைநகர்)

ஏறத்தாழ 400 கிலோமீற்றர் குலுங்கி வந்திருக்கிறது. கார்டையும் றாமையும் கழற்றித் திரும்பப் பூட்டுங்கள். அடுத்தமுறை கார்டைத் தனியே கழற்றிக் கொண்டுவாருங்கள்.

பாவித்த பி450 மதர்போர்ட், புது ரைசன் 5 5600. படம் வரவில்லை. (நல்லூர்)

பி450 வந்தது 2018இல், ரைசன் 5000 வரிசை 2020 கடைசியில். பயோஸ் என்பது மதர்போர்டுக்குள் இருக்கிற தொடக்க மென்பொருள்; அது பழையதென்றால் உங்கள் புரொசசரை அறியாது. பின்புறம் பயோஸ் ஃபிளாஷ் பட்டன் இருந்தால் பென் டிரைவ் மூலமே புதுப்பிக்கலாம். இல்லாவிட்டால் பழைய ரைசன் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிப் பூட்டிப் புதுப்பியுங்கள்.