ஷாப்பிஃபையா, வேர்ட்பிரஸா? ஒரு விளக்குக் கடைக்காரரின் பதில்

சிறு வியாபாரத்துக்கு இணையக் கடை வைக்க ஷாப்பிஃபை போன்ற மாதக் கட்டணத் தளம் நல்லதா, வேர்ட்பிரஸ் என்ற இலவச இணையதள மென்பொருளில் வூகாமர்ஸ் என்ற இலவசச் செருகுநிரலை (கடை வசதி தரும் துணை நிரல்) போட்டு நாமே நடத்துவது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடை வைத்திருப்பவர், கணினி படித்தவர் அல்ல என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே பதில் எழுதியவர்கள் எல்லோரும் வாடகை வீடு, சொந்த வீடு என்று பாடம் நடத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். நீங்கள் என்ன விற்கிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் விற்பது நாச்சியார்கோவில் குத்துவிளக்கு. வண்டல் மண்ணில் அச்சுப் பிடித்து வார்த்து, கடைசல் பிடித்து எடுக்கும் சரக்கு. ஒரே அளவு விளக்கு இரண்டை எடுத்தாலும் எடை ஒன்றாக நிற்காது. கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் விலை. பித்தளை விலையோ நிலையாக இருப்பதில்லை. கார்த்திகைக்கு முன்னால் விலை ஏறினால் பட்டியல் முழுவதையும் மாற்றியாக வேண்டும்.

வூகாமர்ஸில் ஒவ்வொரு பொருளுக்கும் எடை போட இடம் இருக்கிறது. என் அக்கா மகன் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தான். காலையில் அன்றைய கிலோ விலையை ஒரே இடத்தில் அடிக்கிறேன். எடையோடு பெருக்கி எல்லா விலையும் தானாக மாறிவிடுகிறது. ஷாப்பிஃபையில் இதைச் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். அதற்குத் தனிச் செயலி வேண்டும்; பெரும்பாலும் அதற்கும் மாதக் கட்டணம் உண்டு. தவிர, ஷாப்பிஃபையின் சொந்தப் பணப் பரிமாற்றச் சேவை இந்தியாவில் கிடையாது. வேறு நிறுவனம் வழியாகப் பணம் வாங்கினால், அவர்கள் எடுப்பது போக, அடிப்படைத் திட்டத்தில் ஷாப்பிஃபையும் 2 சதவீதம் எடுக்கும். பித்தளையில் நிற்கும் லாபம் தெரிந்தவர்களுக்கு அந்த 2 சதவீதம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

இலவசமாகக் கிடைப்பது எத்தனை நாளைக்கு என்று கடைத்தெருவில் கேலி செய்தார்கள். வேர்ட்பிரஸ் 2003 முதல் இருக்கிறது, வூகாமர்ஸ் 2011 முதல். தளத்தை வைக்க இணையத்தில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் கட்டணத்தைக் கூட்டினால் கடையை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாம். ஷாப்பிஃபையிலிருந்து சரக்குப் பட்டியலைக் கோப்பாக எடுக்கலாம். கடையின் தோற்றத்தை வெளியே கொண்டுபோய் ஓட்ட முடியாது.

ஆனால் செருகுநிரல்களைப் புதுப்பிப்பதும் காப்புப் பிரதி எடுப்பதும் நம் தலையில்தான். எனக்கு அக்கா மகன் இருக்கிறான். உங்களுக்கு அப்படி யாரும் இல்லை, விற்பதும் ஒரே விலைச் சரக்கு என்றால் தயங்காமல் ஷாப்பிஃபைக்குப் போங்கள். கும்பகோணத்தில் என் நண்பர் டிகிரி காபித்தூளை அதில்தான் விற்கிறார், நிம்மதியாக இருக்கிறார்.

உண்மையான தலைவலி தளம் அல்ல. எங்கோ வார்த்த விளக்குக்கு எங்கள் ஊர்ப் பெயரை ஒட்டி, பெரிய விற்பனைத் தளங்களில் பாதி விலைக்குப் போடுகிறார்கள். இந்த ஊர்ச் சரக்குக்குத்தான் இந்தப் பெயர் என்று சொல்லும் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு இது. புகார் கொடுத்தால் ‘பரிசீலிக்கிறோம்’ என்று தானியங்கிப் பதில் வருகிறது. வாடிக்கையாளர் அந்தப் படத்தை எனக்கே அனுப்பி, ‘நீங்கள் ஏன் இவ்வளவு கூடுதலாகச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்கிறார். ‘அதன் எடை எவ்வளவு என்று அவர்களிடம் கேளுங்கள்’ என்று பதில் போடுகிறேன். அந்தப் பக்கங்களில் எடை மட்டும் போட்டிருக்காது.