வீட்டு மிக்சிங்குக்கு எந்த ஹெட்போன்? கேள்வி பதில்

வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் செய்து மிக்ஸ் செய்பவர்கள் அனுப்பிய ஹெட்போன் சந்தேகங்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். விலை அடிக்கடி மாறும், வாங்கும் அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, பட்ஜெட் பத்தாயிரம் ரூபாய்தான். பாடவும் வேண்டும், மிக்ஸ் செய்யவும் வேண்டும். ஒரே ஹெட்போனில் முடியுமா?

முடியும் தம்பி. ஆனால் கப்பின் வெளிப்பக்கம் மூடியிருக்கும் க்ளோஸ்டு பேக்தான் எடுக்க வேண்டும். பாடும்போது ஹெட்போனிலிருந்து தாளத்துக்கு ஓடும் கிளிக் சத்தம் கசிந்தால் மைக் அதைப் பிடித்துவிடும். பல்லவி முடிந்து பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் டிக் டிக் என்று கேட்கும். அதை அப்புறம் நீக்குவது பெரும்பாடு.

உங்கள் பட்ஜெட்டை ஒட்டி இரண்டு பார்க்கலாம். ஒன்று சோனி எம்டிஆர்-7506. 1991-லிருந்து ஒலிப்பதிவுக் கூடங்களில் தொங்கிக்கொண்டிருக்கும் பழைய ஆள். மின்தடை 63 ஓம்தான், அதனால் லேப்டாப்பிலேயே நன்றாக ஓடும். மேல் சுரங்கள் கொஞ்சம் தூக்கலாக இருப்பதால் 'ச', 'ஸ' சீறல், உதடு பிரியும் சத்தம், எடிட்டில் விட்ட கிளிக் எல்லாம் உடனே மாட்டும். சுருள் கேபிளைக் கழற்ற முடியாது என்பது குறை. இன்னொன்று ஆடியோ டெக்னிகா ஏடிஎச்-எம்40எக்ஸ். இதில் ஒலி இன்னும் சமமாக இருக்கும், கேபிளும் கழன்றுவரும். குரல் எடிட்டிங் அதிகம் என்றால் சோனி. மிக்சிங்தான் முக்கியம் என்றால் எம்40எக்ஸ். பெயர் பெற்ற மாடல்களுக்குப் போலிகள் நிறைய உலவுகின்றன. நம்பமுடியாத தள்ளுபடியில் வந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஹெட்போனில் அருமையாக இருக்கிறது. காரில் போட்டால் பேஸ் குமுறுகிறது. ஹெட்போனை மாற்றணுமா?

முதலில் ஒன்று கேட்கிறேன், மூக்குக்கண்ணாடி போடுகிறீர்களா? கண்ணாடியின் கால், இயர்பேடுக்கும் தோலுக்கும் நடுவில் சின்ன இடைவெளி விடும். க்ளோஸ்டு பேக்கில் அந்த இடைவெளி வழியாக முதலில் ஓடிப்போவது பேஸ்தான். கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் வரும் பகுதியை ஓடவிட்டு, இரண்டு கப்பையும் உள்ளங்கையால் லேசாகக் காதோடு அணைத்துப் பாருங்கள். பேஸ் சட்டென்று கூடினால், இத்தனை நாளும் அந்த அளவு பேஸைக் கேட்காமலே மிக்ஸில் ஏற்றியிருக்கிறீர்கள். மெல்லிய கால் உள்ள கண்ணாடி, இல்லையென்றால் கழற்றி வைத்துவிட்டுக் கடைசியாக ஒருமுறை கேட்பது, இரண்டில் ஒன்று செய்யுங்கள். நசுங்கிப்போன பழைய இயர்பேடும் இதே வேலையைச் செய்யும்.

கண்ணாடி இல்லை, பேடும் புதுசு என்றால் வால்யூமைப் பாருங்கள். சத்தம் குறையும்போது நம் காதுக்கு பேஸ் மற்றவற்றைவிட வேகமாகக் குறைந்து கேட்கும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வைத்தார்கள். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு மிக மெல்லிய சத்தத்தில் மிக்ஸ் செய்தால் பேஸை ஏற்றத்தான் கை போகும். ஆடியோ இன்டர்ஃபேஸின் (மைக்கையும் ஹெட்போனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) ஹெட்போன் குமிழில் ஒரு துண்டு டேப் ஒட்டி அளவு குறித்துக்கொள்ளுங்கள். பேஸ் பற்றிய முடிவுகளை அந்த அளவில் மட்டும் எடுங்கள்.

கேள்வி: பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவில் 32, 80, 250 ஓம் என்று மூன்று இருக்கிறது. ஓம் கூடினால் தரம் கூடுமா?

கூடாது. எதில் செருகப் போகிறீர்கள் என்பதுதான் கணக்கு. போனும் லேப்டாப்பும் என்றால் 32 அல்லது 80. ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் 80 நிம்மதி, 250-ஐயும் பெரும்பாலானவை ஓட்டிவிடும். 250-ஐப் போனில் செருகிவிட்டு சத்தமே வரவில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

கேள்வி: ஸ்பீக்கர் இல்லாமல் மிக்ஸ் செய்யவே கூடாது என்கிறார்கள். என் அறை பத்துக்குப் பத்து. என்ன செய்ய?

அந்த அறைக்கு ஹெட்போன்தான் என் சிபாரிசு. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்தடி என்பது சுமார் 3.05 மீட்டர். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே முதலில் தேங்கும் அதிர்வெண் 343-ஐ அறை நீளத்தின் இரு மடங்கான 6.1-ஆல் வகுத்தால் வருவது, அதாவது கிட்டத்தட்ட 56 ஹெர்ட்ஸ். கிக் டிரம்மின் உயிர் இருக்கும் இடம் அது. உங்கள் அறை சதுரம் என்பதால் இரண்டு ஜோடிச் சுவர்களும் அதே 56-இல் சேர்ந்துகொள்கின்றன. நம் வீடுகளில் கூரையும் பத்தடியை ஒட்டித்தான் இருக்கும், ஆக மூன்றாவதும் சேர்ந்துவிடும். எவ்வளவு விலையுள்ள ஸ்பீக்கர் வைத்தாலும், சுவரோரம் நின்றால் கிக் இடிக்கும், நடு அறையில் நின்றால் காணாமல் போகும். ஹெட்போனில் அறை என்பதே இல்லை.

அதற்காக ஹெட்போன் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். ஸ்பீக்கரில் இடப்பக்க ஒலி வலக் காதுக்கும் கொஞ்சம் போகும். ஹெட்போனில் போகாது. அதனால் இரண்டு பக்கமும் முழுசாகத் தள்ளிய கிட்டார்கள் ஹெட்போனில் பிரம்மாண்டமாக இருந்துவிட்டு ஸ்பீக்கரில் சுருங்கிவிடும். ரிவெர்பின் (எதிரொலிபோல் நீளும் ஒலி) வால் காதுக்குள்ளேயே துல்லியமாகக் கேட்பதால், போதும் என்று சீக்கிரம் நிறுத்திவிடுவோம். வெளியே கேட்டால் குரல் வறண்டிருக்கும். நடுவில் இருக்க வேண்டிய குரலோ மண்டைக்குள் உட்கார்ந்திருக்கும், அதன் அளவைக் கணிப்பது கஷ்டம். மிக்ஸை மோனோவாக்கி (இடம் வலம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து), ஒரு சின்னப் புளூடூத் ஸ்பீக்கரில் மெல்லிய சத்தத்தில் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்க் கேளுங்கள். பாட்டின் வரிகள் புரிகின்றனவா என்று அங்கே தெரிந்துவிடும்.

கேள்வி: என்னிடம் நல்ல நாய்ஸ் கேன்சலிங் புளூடூத் ஹெட்போன் இருக்கிறது. அது போதாதா?

பாட்டு கேட்க வைத்துக்கொள்ளுங்கள், மிக்சிங்குக்கு வேண்டாம். உள்ளே இருக்கும் சிப் ஒலியைத் தன் இஷ்டத்துக்கு மெருகேற்றும். கேன்சலிங்கை அணைத்தால் சில மாடல்களில் ஒலியே வேறு மாதிரி ஆகிவிடும். புளூடூத் தாமதத்தில் பாடவோ கீபோர்டு வாசிக்கவோ முடியாது.

கேள்வி: ஹெட்போனைத் திருத்தும் சாஃப்ட்வேர் வாங்கலாமா? ஹார்மன் கர்வ் என்கிறார்களே, அது என்ன?

ஷான் ஆலிவும் அவருடைய குழுவும் ஹார்மன் நிறுவனத்தில், நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் கேட்பது போன்ற ஒலியைப் பெரும்பாலோர் ஹெட்போனில் விரும்புகிறார்களா என்று ஆட்களை வைத்துக் கேட்டுச் சோதித்து, எந்த அதிர்வெண் எவ்வளவு கேட்க வேண்டும் என்று எட்டிய இலக்கு அது. உங்கள் ஹெட்போன் அதிலிருந்து எங்கே விலகுகிறது என்று பார்ப்பதே பெரிய பாடம். உதாரணமாக, பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவில் 8 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேடு உண்டு. அது தெரியாதவர் ஹை-ஹாட்டையும் குரலின் பளபளப்பையும் வெட்டிக்கொண்டே போவார். மிக்ஸ் வெளியே மந்தமாக இருக்கும்.

காசு கொடுக்கும் முன் ஒவ்வொரு மாடலுக்கும் திருத்த எண்களை இலவசமாகத் தரும் ஆட்டோஈக்யூவில் உங்கள் மாடலைத் தேடுங்கள். அந்த எண்களை ஒரு ஈக்யூவில் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு மாஸ்டர் சேனலின் கடைசியில் வையுங்கள். விண்டோஸ் ஒலி முழுவதற்கும் ஈக்யூ போடும் ஈக்வலைசர் ஏபிஓவைப் பயன்படுத்துபவர்களே, இன்டர்ஃபேஸின் ஏஎஸ்ஐஓ டிரைவர் வழியாக ஒலி போனால் அது வேலை செய்யாது. அப்புறம் முக்கியமான ஒன்று: எக்ஸ்போர்ட் செய்யும் முன் மாஸ்டரில் உள்ள அந்த ஈக்யூவை அணைக்க வேண்டும். அது உங்கள் காதுக்கான திருத்தம், பாட்டுக்கானது இல்லை.

கேள்வி: நாற்பதாயிரம் வரை செலவு செய்வேன். மிக்சிங் மட்டும்தான். எது?

சென்ஹைசர் எச்டி 600. 1997-இல் வந்தது, ஓப்பன் பேக் (கப்பின் வெளிப்பக்கம் திறந்திருக்கும்), 300 ஓம், இன்டர்ஃபேஸ் கட்டாயம். குரல், வயலின், வீணை எல்லாம் வாழும் நடுப்பகுதியை இது நேர்மையாகக் காட்டுகிறது. கேபிள், பேட் என்று உதிரிபாகம் தனித்தனியாகக் கிடைப்பதால் நீண்ட காலம் உழைக்கும். குறை, அடிமட்ட பேஸ் சரிந்துவிடும். 808 கிக் (ஆழமான எலக்ட்ரானிக் கிக் டிரம்) போடுகிற ஆள் என்றால் அந்தப் பகுதியை மட்டும் ஒரு க்ளோஸ்டு பேக்கிலும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சார், ராத்திரி வேலை முடிந்தால் காதில் 'ங்' என்று ஒரு சத்தம். பயப்படணுமா?

இதை அலட்சியம் செய்யாதீர்கள். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணிதான். ஒரு வாரம் முழுவதற்குமான கணக்கு இது. ஓப்பன் பேக் போட்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது காதில் விழவில்லை என்றால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். சில நாட்கள் ஹெட்போனைத் தொடாமல் இருங்கள். அப்படியும் சத்தம் நிற்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மிக்ஸ் காத்திருக்கட்டும்.

கேள்வி: சென்னை வியர்வையில் இயர்பேட் தோல் உரிகிறது. வெல்வெட் பேட் போடலாமா?

க்ளோஸ்டு பேக்கில் துணிப் பேட் போட்டால் பேஸ் குறையக்கூடும். அதே கம்பெனி பேட் போடுங்கள், வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.

கேள்வி: வாங்கிவிட்டேன் அண்ணா. அடுத்து?

மிக்ஸ் தொடங்காதீர்கள். காரிலும் கல்யாண மண்டபத்திலும் போனிலும் நீங்கள் கேட்டுப் பழகிய பாட்டுகள் சில எடுங்கள். அவற்றைப் புது ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டு, பேஸ் இதில் எவ்வளவு மெலிந்து அல்லது தடித்து வருகிறது, குரல் எவ்வளவு முன்னே நிற்கிறது என்று எழுதி வையுங்கள். பிறகு மிக்ஸ் செய்யும்போது அதில் ஒரு பாட்டைப் பக்கத்து ட்ராக்கில் போட்டு ஒப்பிடலாம். மாஸ்டர் ஆகி வந்த பாட்டு உங்கள் மிக்ஸைவிடச் சத்தமாக இருக்கும், அந்த ட்ராக்கை இறக்கி இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள்.