சிஎஸ்ஆர் பணம் வாங்கித் தர முன்பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: சென்னை பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் ஐந்து பெண்கள் சேர்ந்து மாலை நேர டியூஷன் மையம் நடத்துகிறோம். டிரஸ்ட் பதிவு செய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதியில் 25 லட்சம் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் 60,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணனும் பணம் அனுப்புவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் அம்மா. கம்பெனிகளிடம் சிஎஸ்ஆர் பணம் வாங்க 12ஏ (டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) என்ற வருமான வரிப் பதிவுகள் வேண்டும். அப்புறம் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டுப் பதிவு எண் வாங்க வேண்டும். இவை இருந்தாலும், இதே மாதிரிப் பணியில் மூன்று ஆண்டு அனுபவம் கேட்பார்கள். உங்களுக்கு இரண்டு ஆண்டுதான் ஆகிறது. அந்த ஆளுக்கு இது தெரியாமல் இருக்காது.

முன்பணம் போனால் 60,000 ரூபாயோடு போயிற்று. இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. "25 லட்சத்துக்குச் செக் வரும், 15 லட்சத்தை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பில் நாங்களே தருகிறோம்" என்பார்கள். முழுப் பணமும் பிள்ளைகளுக்கே செலவானது என்று சான்றிதழில் கையெழுத்துப் போடுவது நீங்கள். விசாரணை வந்தால் புரோக்கர் போனை எடுக்க மாட்டார். டிரஸ்டின் வரிப் பதிவுகள் ரத்தாகலாம், வழக்கும் உங்கள் பெயரில்தான் வரும்.

எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் கோபம் உண்டு. ஆற்றங்கரைகளில் இருந்த குடும்பங்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் வைத்தார்கள். அந்தக் குடியிருப்புப் பெண்களே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தால், மூன்று வருடத் தணிக்கை அறிக்கை எங்கே என்கிறார்கள். ஆங்கிலத்தில் புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதத் தெரிந்த பெரிய அமைப்பு முன்வரிசைக்குப் போய்விடுகிறது. குடிசைப் பகுதி மேம்பாடு, சிஎஸ்ஆர் பணத்தைச் செலவிடக்கூடிய பணிகளின் பட்டியலிலேயே இருக்கிறது, குடிசைப் பகுதி மக்களின் சங்கம்தான் வாசலில் நிற்கிறது. புரோக்கர்கள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேண்டும். அதற்கு மூன்று ஆண்டு அனுபவத்தோடு, அந்த ஆண்டுகளில் 15 லட்சம் செலவு செய்திருக்கவும் வேண்டும். ஆனால் அண்ணன் இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. தாராளமாக வாங்கலாம், பாஸ்போர்ட் நகலை ஃபைலில் வையுங்கள். சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் கதையே வேறு. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை கைகொடுக்காது. லீவில் சென்னைக்கு வந்து ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான். அங்கே நண்பர்களிடம் வசூலித்து மொத்தமாக அனுப்பினாலும், தான் வேலை செய்யும் கம்பெனியின் கணக்கிலிருந்து அனுப்பச் சொன்னாலும் சிக்கல்தான். எந்த நாட்டுப் பாஸ்போர்ட், யாருடைய பணம் என்ற இரண்டையும் அண்ணனிடம் கேட்டுவிட்டுக் கணக்கு எண்ணைக் கொடுங்கள்.

இப்போதைக்கு 12ஏ, 80ஜி இரண்டையும் வாங்குங்கள். இரண்டுக்குமே வருமான வரித் தளத்தில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் கிடையாது, ஆடிட்டருக்கான கூலி மட்டும்தான். பக்கத்து ஐடி கம்பெனி ஊழியர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் போன்றவர்களிடம் சிறு தொகைகளாகக் கேளுங்கள். ரசீதில் பான் எண் எழுதுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்காது, அதனால் வங்கி வழியாகவே வாங்குங்கள். ஒவ்வோர் ஆண்டும் மே 31-க்குள் நன்கொடையாளர் பட்டியலைத் தளத்தில் ஏற்ற வேண்டும், தவறினால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். கணக்கை இன்றே தனி நோட்டில் தொடங்குங்கள். அடுத்த ஆண்டு கம்பெனிக்காரர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.