நாள்பட்ட நோய் உள்ள பிள்ளைக்கு எந்தப் படிப்பு, எந்த வேலை?

ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்), தாலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தசோகை நோய்), டைப் 1 சர்க்கரை (இன்சுலின் போட்டே ஆக வேண்டிய வகை), வலிப்பு என்று ஏதோ ஒன்றோடு பிளஸ் டூ முடிக்கும் பிள்ளையின் பெற்றோர் முதலில் கேட்பது, "இந்த உடம்போடு என்ன வேலைக்குப் போக முடியும்?" என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் இந்தப் பிள்ளைகளின் வேலை பறிபோவது பெரும்பாலும் வேலை தெரியாததால் அல்ல. லீவு, ஷிப்ட், பயணம் இந்த மூன்றில்தான் அடி விழுகிறது. ஆகவே படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே நோய் கேட்கும் நேரத்தையும் வேலை கேட்கும் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வலிப்பு உள்ளவருக்குத் தூக்கம் கெட்டால் ஆபத்து. வாரத்துக்கு வாரம் மாறும் நைட் ஷிப்ட், உயரத்தில் ஏறும் வேலை, வண்டி ஓட்டும் வேலை மூன்றும் வேண்டாம். டயாலிசிஸ் என்றால் பொதுவாக வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். நேரம் வளைந்துகொடுக்கும் வேலைதான் நிலைக்கும். டைப் 1 பெரும்பாலான படிப்புகளுக்குத் தடையில்லை. ஆனால் சாப்பாடு தள்ளிப்போய் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் உட்கார இடம் வேண்டும். ஹீமோபிலியா பிள்ளைக்கு எடை தூக்கும் வேலை கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். நாள் முழுக்க நிற்கும் கடை வேலையும் கணுக்கால், முழங்கால் மூட்டைக் கெடுக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. தமிழ்நாட்டில் கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. சேரும் முன் கடையில் நாற்காலி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அடுத்து சட்டம். இங்கேதான் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஹீமோபிலியா, தாலசீமியா, அரிவாள் செல் நோய் என்ற ரத்த நோய், மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், பார்க்கின்சன் என்ற நரம்பு நோய்கள் எல்லாம் உண்டு. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறது என்று சான்றிதழ் இருந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீட்டுக்கும் 5 ஆண்டு வயதுத் தளர்வுக்கும் தகுதி. ஆனால் அரசு வேலைக்கான 4 சதவீத இடஒதுக்கீடு பார்வை, செவி, கை கால் இயக்கம், மனநலம் மற்றும் அறிவுசார் குறைபாடு, இவற்றில் ஒன்றுக்கு மேல் உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான். ரத்த நோய்கள் அதில் இல்லை. கல்லூரியில் கிடைத்த இடஒதுக்கீடு வேலையிலும் கிடைக்கும் என்று நம்பி நான்கைந்து வருடத்தை அரசுத் தேர்வுக்கே கொடுத்துவிட வேண்டாம். எழுதட்டும், ஆனால் கையில் இன்னொரு திறனோடு.

டைப் 1, வலிப்பு, சிறுநீரக நோய் அந்த 21-இல் தனி வகையாக இல்லவே இல்லை. அதற்காக உரிமையே கிடையாது என்று ஆகிவிடாது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒரு தேர்வருக்கு, 40 சதவீதம் இல்லை என்பதற்காக அவர் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தரும் ஆளின் உதவியை மறுக்கக் கூடாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயமான வசதி கேட்பதற்கு அது நல்ல ஆதாரம்.

சான்றிதழுக்கு யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளின் தனி அடையாள அட்டை) தளத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். தடுக்கி விழும் இடங்கள் சின்னவை: ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரி, பழைய சிகிச்சைச் சீட்டுகள் இல்லாமல் போவது, தற்காலிகச் சான்றிதழின் காலக்கெடு கவுன்சலிங் நடுவில் முடிவது. கெடு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கப் போய்விடுங்கள்.

முதல் வேலையில் சம்பளத்துக்கு முன்னால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு மருத்துவக் காப்பீடு) உண்டா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை (மாற்றுத்திறனாளிக்கு 25,000) இது பொருந்தும். ஊழியர் பங்கு 0.75 சதவீதம், 20,000 சம்பளத்தில் 150 ரூபாய் பிடிப்பார்கள். முன்பே இருந்த நோய் என்று சொல்லி ஒதுக்க மாட்டார்கள்; குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. நோய்க்காலப் பணம் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. அதற்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பங்கு கட்டியிருக்க வேண்டும். இரண்டு மாதம் இங்கே, நான்கு மாதம் சும்மா, மறுபடி வேறெங்கோ என்று போனால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். பே ஸ்லிப்பில் பிடித்திருந்தால் மட்டும் போதாது. நிறுவனம் அதைக் கட்டியிருக்கிறதா என்று இஎஸ்ஐ தளத்தில் பாருங்கள். கட்டாமல் விடுவதும் நடக்கிறது, தெரியவருவது படுக்கையில் விழுந்த பிறகுதான்.

நோயைச் சொல்லலாமா, மறைக்கலாமா? பயோடேட்டாவில் எழுத வேண்டியதில்லை. மருத்துவப் படிவத்தில் கேட்டால் பொய் எழுதக் கூடாது. பின்னாளில் அந்தப் பொய்யே வேலையை விட்டு அனுப்பக் காரணமாகிவிடும். வேலை ஆர்டர் கைக்கு வந்ததும் ஹெச்.ஆருக்கு மின்னஞ்சலில், நோயின் வரலாறு இல்லாமல் தேவையை மட்டும் எழுதலாம்: "எனக்கு டைப் 1 சர்க்கரை. இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜில் ஒரு தட்டு வேண்டும். மதியச் சாப்பாடு 1 மணியைத் தாண்டக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்கு அரை நாள் போக வேண்டும்." இப்படி எண்ணோடு கேட்டால் மேலாளர் தயங்காமல் சரி சொல்ல முடியும். வாயால் மட்டும் சொன்னது, மேலாளர் மாறினால் போய்விடும்.

இதில் பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மருந்து தீர்வதைக் கவனிப்பது, டாக்டரிடம் தேதி வாங்குவது, ஃபைலைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பது எல்லாம் இதுவரை அம்மாவோ அப்பாவோ செய்திருப்பீர்கள். ஹாஸ்டலுக்கு அனுப்புவதற்கு ஆறு மாதம் முன்பே அதைப் பிள்ளையிடம் கொடுங்கள். ஒருமுறை தேதியைத் தவறவிட்டால்கூட, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே நடக்கட்டும்.