துறைமுகத் தொழிலாளர் சங்கங்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

கடலூர் முதுநகர்க்காரன் நான். சென்னைத் துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். வந்த கேள்விகளில் சில:

நியூயார்க் துறைமுகச் சங்கம் என்றாலே ரவுடிக் கூட்டம் என்கிறார்களே, ஏன் ஐயா? (முதுநகர் வாசகர்)

ஆள் எடுத்த முறையிலேயே கோளாறு. காலையில் கப்பல் வாசலில் எல்லோரும் அரைவட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி கைகாட்டியவருக்கு மட்டும் அன்று வேலை. கூலியில் பங்கு தரச் சம்மதித்தவர் காதில் பல்குச்சி செருகிக்கொண்டு நிற்பார், அதுதான் அடையாளம். கைகாட்டிய மேஸ்திரியும் சங்கத்து ஆள்தான், யாரிடம் போய் முறையிடுவது? இதை எதிர்த்து புரூக்ளினில் ஆள் திரட்டிய பீட்டர் பாண்டோ 1939இல் கொல்லப்பட்டார். 1927இல் சங்கத் தலைவரான ஜோசப் ரயன் 1953 வரை நாற்காலியை விடவில்லை. நடுவில் ஆயுள் தலைவர் பட்டம் வேறு!

எல்லா ஊரிலும் இப்படித்தானா? (கல்லூரி மாணவி, புதுச்சேரி)

இல்லையம்மா. அமெரிக்க மேற்குக் கரையில் 1934இல் 83 நாள் வேலைநிறுத்தம். சான்பிரான்சிஸ்கோவில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் வாசலில் நிற்பது போய், முறைவைத்து ஆள் அனுப்பும் கூடம் வந்தது. அனுப்புகிறவரைத் தொழிலாளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். குறைவாக வேலை கிடைத்தவருக்கு முதல் வாய்ப்பு. 1937இல் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையில் இவர்கள் ரயனின் சங்கத்திலிருந்து பிரிந்து தனிச் சங்கமானார்கள். வேடிக்கை என்னவென்றால், 1950இல் இவர்களைக் கம்யூனிஸ்ட் சார்பு என்று சி.ஐ.ஓ. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு வெளியேற்றியது. ஊழலுக்காக நியூயார்க் சங்கத்தை ஏ.எஃப்.எல். என்ற இன்னொரு கூட்டமைப்பு நீக்க 1953 ஆனது.

நீக்கியதும் திருந்தினார்களா? (தேவனாம்பட்டினம்)

ஏ.எஃப்.எல். போட்டிச் சங்கம் தொடங்கிப் பார்த்தது. எந்தச் சங்கம் வேண்டும் என்று தொழிலாளர்கள் ஓட்டுப் போட்ட தேர்தலில் பழைய சங்கமே மயிரிழையில் வென்றது. 1959இல் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். வாசலில் ஆள் பொறுக்குவதை நிறுத்தியது 1953இல் அரசு அமைத்த ஆணையம்தான்.

ஒரே சங்கமாக இருந்தால் ஊழல் குறையுமோ? (நெல்லித்தோப்பு)

ரயன் காலத்து நியூயார்க்கில் 1953 வரை போட்டிச் சங்கமே கிடையாதே, ஊழல் குறைந்ததா?

நம் பக்கம் எப்படி அண்ணா? (முதுநகர்)

1948இல் மத்தியச் சட்டம் வந்தது. அரசு, முதலாளி, தொழிலாளி மூன்று தரப்பும் உட்கார்ந்த வாரியம், பதிவு, சுழற்சி முறை எல்லாம் சென்னை போன்ற பெரிய துறைமுகங்களுக்குக் கிடைத்தன. கடலூர் சிறு துறைமுகம். அப்போது கப்பல் வெளியே கடலில் நங்கூரம் போடும். சரக்கு பார்ஜ் என்ற தட்டைப் படகில் உப்பனாற்றுக்குள் வரும். என் தாத்தா அதில் மூட்டை இறக்கியவர். மேஸ்திரி வீட்டுக்குப் பொங்கலுக்கு வாழைத்தார் போகாவிட்டால் தை மாதம் வேலை குறையும் என்பார். சென்னையிலும் வாரியம் வந்ததால் எல்லாம் சுத்தமாகிவிடவில்லை. சீக்கிரம் சரக்கு இறங்க ‘ஸ்பீட் மணி’ என்று தனியாக ஒரு காசு புழங்கியது. வாங்கியவரைத் திட்டுகிறோம், கொடுத்தவர் பெயரை யாரும் கேட்பதில்லை.